காபிக் கெண்டியும் ஒரு மனத்தாங்கலும்

1935 மே மாதம், ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ரப்பர் நகரம். மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். பெயர் பில் வில்சன். பங்குச்சந்தை ஆசாமி. ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியைக் கைப்பற்றும் பேரத்துக்காக வந்தவர், பேரம் கவிழ்ந்துவிட்டது. பையில் கொஞ்சம் பணம்தான். கூடத்தின் ஒரு முனையில் மதுக்கூடம், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். மறுமுனையில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் எழுதி மாட்டிய ஒரு பலகை. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் பலகையைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் கேட்டது பிரார்த்தனையை இல்லை. "இந்த ஊரில் குடியிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் ஒருவரோடு நான் பேச வேண்டும்" என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பாதிரியாருக்கு அது எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் சில பெயர்களைக் கொடுத்தார். ஒன்று மாற்றி ஒன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது அந்தத் தேடல். அவருக்கு ஒரு குடிநோயாளியைத் தெரியும். உள்ளூர் அறுவைச் சிகிச்சை மருத்துவர், டாக்டர் பாப் ஸ்மித்.

மறுநாள் அன்னையர் தினம். மாலை ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார், கை நடுக்கத்தோடு. பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர், இரவு பதினொன்றேகாலுக்குத்தான் எழுந்தார்.

'எனக்கான மீட்டிங் எது?' என்று இன்று உலகம் முழுக்கப் பலர் தேடுகிறார்களே, அந்தத் தேடலின் தொடக்கப் புள்ளியாக எனக்கு இந்த ஓட்டல் கூடம்தான் தெரிகிறது. அப்போது பட்டியல் இல்லை, செயலி இல்லை, ஏன், மீட்டிங்கே இல்லை.

அறை இருந்தது, ஆள் இல்லை

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. டாக்டர் பாப் அதற்கு முன்பே இரண்டரை வருடமாக ஒரு குழுவுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்று பெயர். ஃப்ராங்க் புக்மன் என்ற லூதரன் பாதிரியார் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம். வீடுகளில் கூடுவார்கள், தம் தவறுகளை வெளிப்படையாகச் சொல்வார்கள், தீங்கிழைத்தவர்களிடம் போய்ச் சரிசெய்வார்கள், மௌனமாக அமர்வார்கள். அன்பானவர்கள். டாக்டருக்காக உருகிப் பிரார்த்தித்தவர்கள். டாக்டரும் ஒழுங்காகப் போனார், படித்தார், பிரார்த்தித்தார். ஒழுங்காகக் குடிக்கவும் செய்தார்.

அந்த அறையில் எல்லாம் இருந்தது. தன்னைப் போல இன்னொருவன் மட்டும் இல்லை. பில்லைப் பற்றிப் பின்னாளில் டாக்டர் சொன்னதன் பொருள் இதுதான்: குடியைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து என் மொழியில் பேசிய முதல் மனிதர் அவர். பில் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். அதுவும் டாக்டருக்காக இல்லை, பேசாவிட்டால் தான் குடித்துவிடுவோம் என்ற பயத்தில் சொன்னார். உதவ வந்தவனுக்கே உதவி தேவைப்பட்டது என்பதுதான் அந்த ஆறு மணி நேரத்தின் ரகசியம்.

அதன் பிறகும் டாக்டர் ஒருமுறை வழுக்கி விழுந்தார். மருத்துவ மாநாட்டுக்காக அட்லாண்டிக் சிட்டி போனவர், ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்தபோது ஓர் அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. அன்று காலை கை நடுங்காமலிருக்க பில்லே ஒரு பாட்டில் பீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் டாக்டரின் கடைசிக் குடி. 1935 ஜூன் 10 என்ற அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

தையல்காரர், கொல்லர், தச்சர்

குடிகாரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேலேறுவது 1935-இல் பிறந்த யோசனை இல்லை. செனகா பழங்குடியைச் சேர்ந்த ஹேண்ட்சம் லேக், தானே குடியில் அழிந்துகொண்டிருந்தவர், 1799-இல் ஒரு தரிசனம் கண்டு எழுந்து தன் மக்களைக் குடியிலிருந்து மீட்கப் புறப்பட்டார். அவருடைய போதனை இன்றும் ஓதப்படுகிறது.

1840 ஏப்ரலில் பால்டிமோர் நகரின் சேஸ் சாராயக் கடையில் ஆறு நண்பர்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தையல்காரர், ஒரு தச்சர், ஒரு வெள்ளி வேலைக்காரர், கொல்லுப் பட்டறையிலும் வண்டிப் பட்டறையிலும் வேலை செய்தவர்கள். பக்கத்தில் ஒரு மதுவிலக்குச் சொற்பொழிவு. கேலி செய்யலாம் என்று அவர்களில் சிலர் கேட்கப் போனார்கள். திரும்பி வந்து நடந்த விவாதத்தின் முடிவில், ஆறு பேரும் குடியை விடுவதாகக் கையெழுத்துப் போட்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரை வைத்தார்கள். அதனால் வாஷிங்டோனியர்கள்.

அதுவரை மதுவிலக்குக் கூட்டம் என்றால், குடிக்காதவர் மேடையில் நின்று குடிப்பவரைத் திட்டுவது. இவர்கள் மேடையைக் குடிகாரனுக்கே கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு இன்னொருவரை அழைத்து வர வேண்டும். தீ போலப் பரவியது. மறு வருடமே பெண்களுக்கு மார்த்தா வாஷிங்டன் சங்கங்கள் வந்தன. 1842-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இவர்கள் கூட்டத்தில் இளம் வழக்கறிஞர் ஒருவர் பேசினார். குடிக்காதவர்கள் தங்களை ஒழுக்கசீலர்கள் என்று நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, அவர்களுக்கு அந்தப் பசி இல்லை, அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். ஆபிரகாம் லிங்கன்.

ஆனால் 1840-கள் முடிவதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா, மதவாதிகளை மேடையேற்றலாமா, அடிமைமுறை பற்றி என்ன நிலைப்பாடு என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். குடிக்காதவர்களும் பிரமுகர்களும் நிறையச் சேர்ந்தார்கள். கூட்டம் பெருத்தது, தன் கதையைச் சொல்ல வரும் குடிகாரனுக்கு மட்டும் இடம் சுருங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து பில் வில்சன் இந்தக் கதையைப் படித்துவிட்டு மிரண்டுபோனார். ஏ.ஏ. எந்தப் பொது விவகாரத்திலும் கருத்துச் சொல்லாது என்ற விதியை அவர் வற்புறுத்தியதற்கு வாஷிங்டோனியர்களின் வீழ்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

கிளீவ்லாந்துக்காரர்கள் பிரிந்தார்கள்

ஏ.ஏ. வட்டாரத்தில் ஒரு பழைய ஜோக் உண்டு. புதிதாக ஒரு குழு ஆரம்பிக்க இரண்டே இரண்டு பொருள் போதும்: ஒரு காபிக் கெண்டி, ஒரு மனத்தாங்கல். சிரிக்கச் சொன்னதுதான், ஆனால் இயக்கத்தின் வரலாறும் அதுதான்.

1930-களின் இறுதியில் ஆக்ரனில் புதன்கிழமை தோறும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பின் வீட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தே குடிநோயாளிகளும் கூடினார்கள். சுமார் 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளீவ்லாந்திலிருந்தும் ஆட்கள் கார்களில் வருவார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடம். பாவமன்னிப்பு கேட்பது பாதிரியாரிடம் தனியாக. இங்கே புராட்டஸ்டன்ட்காரர்கள் நடத்தும் கூட்டத்தில், பலர் முன்னால். "இதற்குப் போகாதே" என்று சொந்தத் தேவாலயத்திலேயே எச்சரித்தார்கள். குடியிலிருந்து மீண்டால் மதத்தை இழக்க வேண்டும் என்பது போன்ற நிலை.

கிளாரன்ஸ் ஸ்னைடர் என்ற துடிப்பான ஆசாமி ஒரு முடிவெடுத்தார். 1939 மே மாதம், கிளீவ்லாந்தில் இனித் தனிக் கூட்டம், குடிநோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் மட்டும் என்று அறிவித்தார். ஆக்ரன்காரர்கள் கொதித்தார்கள். ஒரு மாதம் முன்புதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற புத்தகம் வெளிவந்திருந்தது. அந்தப் பெயரையே தங்கள் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் கூடிய முதல் குழு அது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. நியூயார்க்காரர்கள் 1937-லேயே ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பை விட்டு விலகியிருந்தார்கள். ஆக்ரன்காரர்களும் 1939 இறுதியில் விலகினார்கள்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் கிளீவ்லாந்து 'பிளெய்ன் டீலர்' நாளிதழில் கட்டுரைத் தொடர் வந்ததும் அழைப்புகள் குவிந்தன. ஒரே அறையில் அத்தனை பேரை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்களைக்கூடப் புதியவர்களைப் பார்க்க அனுப்பினார்கள். இன்று 'ஸ்பான்சர்' என்று அழைக்கப்படும் ஏற்பாடு, அதாவது புதியவருக்கு ஒரு மூத்தவர் துணை, அங்கேதான் வடிவம் பெற்றது. 1941 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வெளிவந்தது. சுமார் 2,000 பேராக இருந்த இயக்கம் அந்த ஆண்டு முடிவில் 8,000-ஐத் தொட்டது.

61 விதிகள்

கூட்டம் பெருகியதும் எல்லாரும் செய்வதை இவர்களும் செய்தார்கள். கதவில் காவல் போட்டார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது? பிச்சைக்காரன் வேண்டாம், மனநலக் காப்பகத்திலிருந்து வந்தவன் வேண்டாம், ஜெயிலுக்குப் போனவன் வேண்டாம், 'நடத்தை கெட்ட' பெண்கள் வேண்டாம். தலைமை அலுவலகம் எல்லாக் குழுக்களிடமும் அவரவர் சேர்க்கை விதிகளைக் கேட்டு வாங்கித் தொகுத்துப் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அமல்படுத்தினால் யாருமே ஏ.ஏ.வில் சேர்ந்திருக்க முடியாது என்று பில் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமாக இருந்து, மொத்தமாக ஓட்டினால் வெற்றுப் பட்டியல் வரும் தேடலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஊரில் ஒருவர் கிளப், சிகிச்சை மையம், கடனுதவி எல்லாம் சேர்ந்த பெரிய மாளிகைத் திட்டம் போட்டு 61 விதிகள் எழுதினார். திட்டம் படுத்துவிட்டது. அந்த ஆசாமி தலைமை அலுவலகத்துக்கு ஓர் அட்டை அனுப்பினார். வெளியில் குழுவின் பெயரும் 'விதி எண் 62' என்பதும். உள்ளே ஒரே வரி: உன்னை நீயே ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே.

இப்படியெல்லாம் அடிபட்டுத்தான் 1946-இல் பன்னிரண்டு மரபுகள் எழுதப்பட்டன, 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. மூன்றாவது மரபு: சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அதன் நீண்ட வடிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குடிப்பதை விட இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழுதான், வேறு எந்த அமைப்போடும் சார்பு இல்லாதவரை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காபிக் கெண்டிக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டில் கதவு திறந்தாலும் அறைக்குள் உடனே இடம் கிடைத்துவிடவில்லை. மார்ட்டி மேன் 1939-இல் பில்லின் புரூக்ளின் வீட்டுக் கூட்டத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். கறுப்பின மக்கள் தங்கள் குழுக்களை 1945-இல் செயின்ட் லூயிஸிலும் வாஷிங்டனிலும் தாங்களே தொடங்க வேண்டியிருந்தது. தன்பாலீர்ப்பாளர்களின் குழுக்களைப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற விவாதம் 1974 மாநாட்டில்தான் முடிவுக்கு வந்தது, சேர்க்கலாம் என்றார்கள். 2011-இல் டொரோன்டோவில், பன்னிரண்டு படிகளைக் கடவுள் இல்லாமல் மாற்றி எழுதிக்கொண்ட நாத்திகர் குழுக்களை உள்ளூர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். விஷயம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், 2017-இல்தான் அவை மீண்டும் சேர்க்கப்பட்டன.

பட்டியலில் இருந்து எடுத்தால் என்ன, குழு அங்கேயேதானே இருக்கிறது என்று தோன்றலாம். உள்ளே இருப்பவருக்கு அது சரி. ஆனால் இன்று ராத்திரி, கை நடுங்க, முதல்முறையாகத் தேடுகிறவனுக்குப் பட்டியலில் இல்லாத குழு உலகத்திலேயே இல்லை.

அரிசி மூட்டை

என்னோடு அமெரிக்காவில் வேலை பார்த்த நண்பன் ஒருவன், திருச்சிப் பக்கத்துக்காரன். அவன் சம்மதத்தோடு, பெயரில்லாமல் இதை எழுதுகிறேன். முதலில் போனது ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடந்த பெரிய கூட்டம். ஒருவர் மேடையில் பேசினார். முடிவில் எல்லாரும் கைகோத்துக்கொண்டு கிறிஸ்தவ ஜெபம் சொன்னார்கள். வெளியே வந்து எனக்குப் போன் பண்ணினான். "மாப்ள, என்னடா ஜெபக்கூட்டத்துல கொண்டு விட்டுட்டாங்க. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா குடிச்சதுக்கு அழ மாட்டா, இதுக்குத்தான் அழுவா."

இரண்டாவது, ஆபீஸ் பக்கத்தில் மதிய நேர மீட்டிங். டை கட்டிய ஆட்கள். தெரிந்த முகம் எதிரே வந்து உட்கார்ந்துவிடுமோ, விசா என்னாகுமோ என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்துவிட்டான். "இது நமக்கானது இல்ல மாப்ள" என்றான்.

அதற்கும் மூன்றாவது மீட்டிங்குக்கும் நடுவில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில்தான் டிரைவிங் லைசென்ஸ் போனது. மனைவி குழந்தையோடு ஊருக்குப் போனது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தது. டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, முதலில் மருத்துவம், பிறகுதான் மீட்டிங். சரியான மீட்டிங்கைத் தேடுவது பற்றிப் பேசும்போது இந்த இடைவெளியை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு அறை பிடிக்காமல் வெளியே வருகிறவன் அடுத்த அறைக்குப் போவதில்லை. பாருக்குப் போகிறான்.

மூன்றாவது, காலை ஆறரை மணிக் கூட்டம். ஓய்வுபெற்ற லாரி டிரைவர்கள், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். எல்லாரும் அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள். பட்டியலைப் பார்த்து நான் அவனுக்கு ஒரு மீட்டிங் தேர்ந்தெடுத்திருந்தால் கடைசியாகக்கூட இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். அங்கே ஒரு கிழவர், மனைவிக்குத் தெரியாமல் கராஜில் பெயின்ட் டப்பாவுக்குள் பாட்டிலை ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். என் நண்பன் ஒளித்து வைத்தது அரிசி மூட்டைக்குள். சோனா மசூரி, இருபது பவுண்டு. "சிரிச்சுட்டேன் மாப்ள. அப்புறம் அழுதுட்டேன். அந்த ஆளுக்கு இட்லின்னா என்னன்னு தெரியாது. ஆனா நான் அரிசிக்குள்ள கைய விட்டது தெரியும்." அதன் பின்னும் இரண்டு முறை விழுந்தான். திரும்பத் திரும்ப அதே அறைக்குத்தான் போனான். இப்போது நான்கு வருடம்.

வேறு கதவுகள்

நண்பனுக்கு அந்த அறை பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்தாது. அப்படிப் பொருந்தாமல் வெளியேறிய சிலர் வேறு வீடே கட்டினார்கள். சமூகவியல் படித்த ஜீன் கிர்க்பாட்ரிக் 1975-இல் பெண்களுக்காக 'விமன் ஃபார் சோப்ரைட்டி' தொடங்கினார். அவருடைய வாதம் எளிமையானது: அகந்தையை அடக்கு, தாழ்மை கொள் என்பது ஆண்களுக்கு மருந்தாகலாம், ஏற்கெனவே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அதையே கொடுத்தால் என்ன ஆகும்? கடவுள் பேச்சே வேண்டாம் என்றவர்களுக்காக 1985-இல் 'செக்யூலர் ஆர்கனைசேஷன்ஸ் ஃபார் சோப்ரைட்டி' வந்தது. உளவியல் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட 'ஸ்மார்ட் ரெக்கவரி' 1994-இல் வந்தது.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகத் தெரிபவை இரண்டு. ஒன்று ஜப்பானின் டான்ஷுகாய். ஏ.ஏ.வின் பாதிப்பில் உருவாகி 1963-இல் தேசிய அமைப்பானது. ஆனால் பெயர் மறைப்பது அவர்களுக்கு ஒட்டவில்லை. எழுந்து நின்று பெயரைச் சொல்கிறார்கள். மனைவியும் கூடவே வந்து உட்கார்ந்து தன் பக்கக் கதையைச் சொல்கிறாள். இன்னொன்று, மனநல மருத்துவர் விளாடிமிர் ஹுடோலின் 1964-இல் ஸாக்ரெப் நகரில் தொடங்கிய கிளப்புகள். அங்கே உறுப்பினர் என்பது தனிமனிதர் இல்லை, குடும்பம். ஒரு கிளப்பில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். எங்கள் துறையில் டேட்டாபேஸ் பெருத்தால் துண்டுகளாகப் பிரிப்போம், வேகம் குறையக் கூடாது என்பதற்காக. இவர்கள் பிரித்தது, எந்தக் குடும்பமும் மூலையில் பேசாமல் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. வாஷிங்டோனியர்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

இத்தனை கதவுகளில் யாருக்கு எது என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? அமெரிக்காவில் 'புராஜெக்ட் மேட்ச்' என்ற பெரிய ஆய்வு இதே போன்ற ஒரு கேள்வியோடு நடந்தது. 1,726 பேர், மூன்று வகை சிகிச்சை. நோயாளியின் குணநலன்களுக்கு ஏற்ற சிகிச்சையைப் பொருத்திக் கொடுத்தால் பலன் கூடும் என்பது எதிர்பார்ப்பு. 1997-இல் முடிவுகள் வந்தன. பொருத்தத்தால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மூன்று வகையிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். 2020-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. முழுதாகக் குடியை விட்டிருப்பது என்ற அளவுகோலில், ஏ.ஏ.வும் அதற்கு ஆற்றுப்படுத்தும் முறையான சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்கு இணையாக, சிலவற்றில் மேலாக இருந்தன. 2018-இல் மற்ற குழுக்களை ஏ.ஏ. போன்ற பன்னிரண்டு படிக் குழுக்களோடு ஒப்பிட்ட ஆய்வில் தெரிந்தது, எந்தக் குழு என்பதைவிட அதில் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார் என்பதே முக்கியம் என்று.

இதை 'எங்கே போனாலும் ஒன்றுதான்' என்று படிக்கக் கூடாது. ஈடுபாடு வர வேண்டுமென்றால் முதலில் அந்த அறையில் உட்கார முடிய வேண்டும். வெளியிலிருந்து நிபுணர் பொருத்தம் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே போய் உட்கார்ந்தவன்தான் சொல்ல முடியும். பழையவர்கள் புதியவரிடம் ஆறு மீட்டிங்காவது போய்ப் பார், வேறு வேறு இடத்தில், அப்புறம் முடிவு செய் என்பார்கள். ஜாதகப் பொருத்தத்தைவிட அது மேல்.

மாலை

நம் ஊரில் 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-இல் விலக்கப்பட்டது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கையில். கடை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி எண்பது வருடத்துக்கும் மேலாகப் பேசியிருக்கிறோம். குடித்துக்கொண்டிருப்பவன் நிறுத்த நினைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவான் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

அப்படிப் பேசிய ஒரு சிலரில் சாந்தி ரங்கநாதன் ஒருவர். கணவரைக் குடிநோய்க்கு இளம் வயதில் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-இல் சென்னையில் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்கும் தெரிந்திருக்கும். குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சை என்பது அவர்கள் வழி. தஞ்சைப் பக்கம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, நோயாளியை நகரத்துக்கு வரச் சொல்லாமல் சிகிச்சையை அவன் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஏ.ஏ. 1957-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தமிழில் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, தேவாலயத்திலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும்.

என் பெரியப்பாவுக்கு இவை எதுவும் எட்டவில்லை. கோயிலில் கயிறு கட்டினார், குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார், எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆனால் வருடம் தவறாமல் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். எல்லாரும் சொல்வார்கள், சாமி பயம் என்று. சாமியும் இருந்திருக்கலாம். நான் இப்போது யோசிப்பது அந்த ஏற்பாட்டை. மாலை போட்டதும் அவருக்குப் பெயர் கிடையாது, மில் ஓனருக்கும் பெயர் கிடையாது, எல்லாரும் சாமி. தினமும் சாயங்காலம் பஜனைக்குப் போயாக வேண்டும். வராவிட்டால் "என்ன சாமி, நேத்து காணோம்?" என்று வீட்டுக்கே ஆள் வரும். பதினெட்டு வருடம் மலைக்குப் போன குருசாமி ஒருவர், கன்னிசாமியின் கையைப் பிடித்து நடத்துவார். பெரியம்மாவுக்கும் அந்த நாட்களில் வீட்டில் ஒரு வேலை, ஒரு மரியாதை இருந்தது.

மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றுவார்கள். மறுநாள் சாயங்காலம் பஜனை கிடையாது. குருசாமி மறுபடி டெய்லர் கடைக்காரர் ஆகிவிடுவார். பெரியப்பா ஆறு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். அந்த 48 நாளும் பழகிய அதே நேரத்துக்கு, அதே தெருவில். பஜனை மடத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். மடம் பூட்டியிருக்கும்.